அவளும் இடம்பெயர்ந்தவள்தான்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் பேச வேண்டும் என்று செயலாளர் அக்கா கேட்டபோது, "உன்ட வேலையைப் பற்றிச் சொல்லு, அது போதும்" என்றார். என் வேலையில் பெரும்பகுதி வைத்தியசாலையில் நடக்கிறது. உங்களில் பலர் அங்கே என்னிடம் வந்திருக்கிறீர்கள். மற்றப் பகுதி அவ்வளவாக வெளியே தெரியாது. வாவியை அண்டிய ஓர் ஊரில் ஒரு பாதுகாப்பு இல்லம் இருக்கிறது. வீட்டை விட்டு வெளியேறிய, அல்லது இரவு தங்க ஓர் இடமில்லாத, 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்ட பெண் பிள்ளைகள் அங்கே கொண்டுவரப்படுகிறார்கள். வாரத்தில் இரண்டு மாலையும், அழைப்பு வந்தால் இரவிலும் நான் அங்கே போகிறேன்.

இல்லத்தின் பெயரையும் இடத்தையும் நான் சொல்லப்போவதில்லை. பிள்ளையைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் நல்ல மனத்தோடு வருவதில்லை. எந்தவொரு பிள்ளையின் கதையையும் தனியாக எடுத்துச் சொல்லப்போவதும் இல்லை. நமது மாவட்டத்தில் ஊரையும் வயதையும் சொன்னால் பிள்ளை யாரென்று கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் போதும். ஆகவே பல பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பக் கண்டவற்றையே இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. ஒரு பொடியன் கோபித்துக்கொண்டு போனால், "வீட்டை விட்டுப் போயிற்றான்" என்போம். கொழும்பில் கடையில் நிற்கிறான், வாழைச்சேனையில் மீன்பிடிக்கப் போகிறான் என்று சில நாட்களில் தகவல் வரும். ஒரு பெண் பிள்ளை போனால், "ஓடிப்போயிற்றாள்" என்போம். அதைக் கேட்டவுடனே அடுத்த கேள்வி வரும்: "ஆரோட?"

பெல்ட்டால் அடிவாங்கி வெளியேறியவள், குடித்துவிட்டு வரும் மாமாவுக்குப் பயந்து வெளியேறியவள், படிப்பை நிறுத்திக் கலியாணம் பேசியதால் வெளியேறியவள், பரீட்சை முடிவைக் காட்டப் பயந்து பஸ் ஏறியவள் ஆகிய எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைபட்டுவிடுகிறார்கள். காதலித்துப் போன பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. அவர்களோடு இரண்டு மூன்று நாள் பேசினால், அந்தப் பையனின் கையைப் பிடிப்பதற்கு முன்பே வீட்டில் ஏதோ ஒன்று பொறுக்க முடியாததாகி இருந்தது என்று பலர் சொல்வார்கள். அவனை அறிந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. வீட்டில் இருந்த துன்பத்துக்கோ மூன்று வருடம் ஆகியிருக்கும்.

எங்கள் பிரதேசத்தில் இதற்கு ஒரு தனி வேதனை உண்டு. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குரியது. முக்குவர் வழமை என்று பெரியவர்கள் சொல்லும் காலத்திலிருந்தே சொத்தும் குடியும் தாய்வழி வந்தன. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து விரிவாக எழுதியதும் இதைப் பற்றித்தான். இன்றைக்கும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் பேச முடியாது. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். மற்ற ஊர்ப் பெண்கள் பொறாமைப்படக்கூடிய வழக்கம் இது. ஆனால் அந்த வீட்டைக் கட்டுவதற்குக் காசு எங்கிருந்து வருகிறது? தாய் குவைத்துக்கும் சவூதிக்கும் போகிறாள். அங்கே மற்றவர்களின் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, உடுப்பு மினுக்கி, அந்தக் காசில் இங்கே மகளுக்கு அறை அறையாகச் சுவர் எழுப்புகிறாள். கூரை போட்ட, இன்னும் கதவு போடாத அந்த வீட்டில் மகள் யாரோடு இரவைக் கழிக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. சில வேளைகளில் தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது.

2013இல் கொண்டுவரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை விதியின்படி, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போக முடியாது. பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் அந்த வயதெல்லை 2 ஆகக் குறைக்கப்பட்டது. விதியின் கவனம் கைக்குழந்தையில் இருக்கிறது. 13 வயதுப் பிள்ளை என்றால் "அம்மம்மா பார்த்துக்கொள்வார்" என்ற ஒரு வரியோடு பெரும்பாலும் கடதாசி முடிந்துவிடுகிறது. அம்மம்மாவுக்கு எழுபது வயது, கண் பார்வை குறைவு, எட்டு மணிக்கே நித்திரைக்குப் போய்விடுவார். தாயைக் குற்றம் சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. கடனும், வீடும், சீதனமும் சேர்ந்து அவளை விமானத்தில் ஏற்றுகின்றன. யாருக்காக அந்த வீடு கட்டப்படுகிறதோ அந்தப் பிள்ளையே அதிலிருந்து வெளியேறி எங்களிடம் வருகிறாள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

வெளியேறுவது இப்போது முன்னரைவிட எளிது. நாங்கள் படித்த காலத்தில் படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்கு வர மண்முனையில் பாதை ஏற வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அந்த நிலை மாறியது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் போய்வந்தவர்களுக்குத் தெரியும், பாதை ஓட்டுகிறவருக்கு எல்லோரையும் அடையாளம் தெரியும். சீருடையோடு ஒரு பிள்ளை பொழுதுபடத் தனியாக ஏறினால், "எங்க மகள் போற? அப்பா எங்க?" என்று யாராவது கேட்பார்கள். பாலமும் பஸ்ஸும் நமக்கு நன்மைதான். ஆயினும் இன்று மாலை வீட்டை விட்டுப் புறப்படும் பிள்ளை விடியும்போது கொழும்பு கோட்டையில் இறங்க முடியும். வழியில் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். முகநூலில் அறிமுகமான ஒருவர் மட்டும் அங்கே காத்திருப்பார்.

ஆகவே இல்லத்தின் முதல் வேலை, அந்த இரவில் அவளுக்கு வேறொரு கதவைத் திறந்து வைப்பது. பெரும்பாலும் பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவு மூலமாகவோ, நன்னடத்தை உத்தியோகத்தர் மூலமாகவோ பிள்ளை வருவாள். பிள்ளையை மறைத்து வைக்க எங்களுக்கு உரிமை இல்லை, நாங்கள் அப்படிச் செய்வதும் இல்லை. நீதவானின் கட்டளையோடுதான் அவள் தங்குவாள். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தில் "பாதுகாப்பான இடம்" என்று ஒரு தொடர் இருக்கிறது. அந்தச் சட்டம் பிறந்தபோது இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் அநேகர் பிறக்கவில்லை. இன்றும் நாங்கள் நிற்பது அதன் மேல்தான்.

வந்தவுடன் என்ன செய்வோம் என்று பலர் கேட்பார்கள். சாப்பாடு கொடுப்போம். பிளேன்ரீயும் பாணும் பருப்பும், நேரம் இருந்தால் புட்டு. கால் கழுவத் தண்ணீர், மாற்றுடுப்பு, உள்ளாடை, மாதவிடாய்த் துணி. படுக்கும் இடத்தையும், உள்ளேயிருந்து போடும் தாழ்ப்பாளையும் காட்டுவோம். இரவு முழுக்க யார் விழித்திருப்பார், அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்வோம். "ஏன் இப்பிடிச் செய்த நீ?" என்று அன்று இரவு யாரும் கேட்க மாட்டோம். பொலிஸில் ஒரு தரம், வைத்தியசாலையில் ஒரு தரம், சொந்தக்காரரிடம் ஒரு தரம் என்று அவள் ஏற்கனவே அந்தக் கேள்வியால் களைத்திருப்பாள்.

வைத்தியராக நான் கேட்பவை சில உண்டு. எங்காவது நோகிறதா? கடைசியாக எப்போது சாப்பிட்டாய்? யாராவது உன் விருப்பமில்லாமல் தொட்டார்களா? சாக வேண்டும் என்று நினைத்தாயா? இந்தக் கடைசிக் கேள்வியை நேராகவே கேட்பேன். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி முளைப்பதில்லை. யாராவது கேட்டார்களே என்ற ஆறுதல்தான் பிள்ளையின் முகத்தில் தெரியும். ஆசிரியைகளாக இருக்கும் பழைய மாணவிகளே, உங்கள் வகுப்பிலும் இந்தக் கேள்வியைத் தைரியமாகக் கேளுங்கள். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல உதவிச் சேவை இருக்கிறது.

பிள்ளை பாலியல் வன்முறைக்கு உள்ளாகியிருந்தால் நேரம் முக்கியம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், பிறகு 28 நாள் தொடர்ந்து எடுக்க வேண்டும். கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரையும் எவ்வளவு விரைவாகக் கொடுக்கப்படுகிறதோ அவ்வளவு நல்லது. உடுத்திருந்த உடுப்பைத் தோய்க்காமல் கடதாசிப் பையில் வைக்க வேண்டும். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார். பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்கென்றே நட்பு நிலையம் இயங்குகிறது. சிங்களத்தில் அதை மிதுரு பியஸ என்பார்கள். முறைப்பாடு எழுதுவதா, ஊர் என்ன சொல்லும் என்று குடும்பம் மூன்று நாள் யோசித்தால், அந்த 72 மணித்தியாலம் போய்விடுகிறது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் "அவளும் சம்மதித்தாள்" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டதிலிருந்து அது கற்பழிப்புக் குற்றமே.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். பெண்கள் மட்டும் கூடியிருக்கும் இந்தச் சபையில் இதைச் சொல்லாவிட்டால் வேறெங்கும் சொல்ல முடியாது. ஓர் இரவு வெளியே நின்ற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாயோ பெரியம்மாவோ வருவார்கள். "டொக்டர், இவளை ஒருக்காச் செக் பண்ணிப் பாருங்க. கெட்டுப்போகல்ல எண்டு ஒரு துண்டு தாங்க" என்பார்கள். அப்படி ஒரு பரிசோதனை வைத்தியத்தில் இல்லை. ஒரு பெண் உறவு கொண்டாளா இல்லையா என்பதை உடம்பைப் பார்த்துச் சொல்ல எந்த வைத்தியராலும் முடியாது. 2018 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை, பெண்கள் அமைப்புகளும் சேர்ந்து, கன்னித்தன்மைப் பரிசோதனை என்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை, அதை எல்லா இடத்திலும் நிறுத்த வேண்டும் என்று அறிவித்தன. காயம் இருக்கிறதா, சிகிச்சை வேண்டுமா, நீதிமன்றத்துக்குச் சான்று வேண்டுமா என்று பார்ப்பது வேறு விடயம். அதைப் பிள்ளையின் சம்மதத்தோடு செய்வோம். நற்பெயர்த் துண்டு எழுதிக் கொடுப்பதில்லை. தாய்மார் கோபிப்பார்கள். அவர்களை இருத்தி, ஒரு பிளேன்ரீ கொடுத்து, மெதுவாக விளங்கப்படுத்துவோம். நாளை உங்கள் சொந்தத்தில் யாராவது இதைக் கேட்டால், நீங்களும் இதையே சொல்லுங்கள்.

அடுத்த நாள் விடிந்ததும் முடிவெடுக்கச் சொல்லி எல்லாப் பக்கத்திலிருந்தும் நெருக்குவார்கள். மூன்று முடிவுகளை எல்லோரும் ஆயத்தமாக வைத்திருப்பார்கள். உடனே வீட்டுக்கு அனுப்புவது முதலாவது. அந்தப் பையனுக்கே முடித்து வைப்பது இரண்டாவது. நம் நாட்டின் பொதுச் சட்டத்தில் விவாக வயது 18 ஆக இருப்பதால் பதிவு செய்யாமல் சேர்ந்து இருக்கவிட்டு, வயது வந்த பிறகு பதியலாம் என்பார்கள். ஏதாவது ஒரு சிறுவர் இல்லத்தில் 18 வயது வரை விட்டுவிடுவது மூன்றாவது. மூன்றும் பெரியவர்களின் பதற்றத்தைத் தீர்க்கும். பிள்ளையின் பிரச்சினை அப்படியே இருக்கும்.

போரும் கடலும் போன பிறகு இந்த மாவட்டத்தில் சிறுவர் இல்லங்கள் பெருகின. அவற்றில் அன்போடு வளர்ந்து நல்ல நிலைக்கு வந்தவர்கள் இந்தச் சபையிலும் இருக்கலாம். ஆனால் நாடு முழுவதும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடு இருக்கிறார். வறுமையும் மறுமணமும் வெளிநாட்டுப் பயணமுமே அவர்களை அங்கே கொண்டுபோய் விடுகின்றன. இல்லம் கடைசி வழியாக இருக்க வேண்டும், அதுவும் குறுகிய காலத்துக்கு என்று ஐக்கிய நாடுகள் சபை 2009இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள் சொல்கின்றன.

உலகத்தில் வேறு இடங்களிலும் இந்த வேலையைத் தொடங்கியவர்கள் ஒரு பாடத்தை விட்டுப் போயிருக்கிறார்கள். 1967இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வீட்டை விட்டு வந்த இளம்பிள்ளைகள் திரண்டபோது, ஹக்கிள்பெரி என்ற இல்லம் அவர்களுக்காகத் திறக்கப்பட்டது. சிறிது காலம் தங்க வைத்து, வீட்டாரோடு பேசுவதற்கு இடையில் நிற்பதே அதன் வேலை. 1996இல் மும்பையில் ஜெரூ பில்லிமோரியா 1098 என்ற இலக்கத்தைத் தொடங்கினார். ரயில் நிலையத்தில் படுக்கும் பிள்ளை தானே தொலைபேசி எடுக்கலாம் என்பது அதன் சிறப்பு. நமக்கும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இருக்கிறது. இரண்டு ஊர்களின் அனுபவத்திலும் ஒன்று தெரிகிறது: பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது அவசரமில்லாத சில நாட்களும், இரண்டு பக்கத்துக்கும் சேராத ஓர் ஆளும்.

நமது ஊரிலேயே இதற்கு முன்மாதிரிகள் உண்டு. இடம்பெயர்ந்த பெண்களோடு 1991இல் கொழும்பில் தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1993இல் மட்டக்களப்புக்கு வந்தது. போர் நடந்துகொண்டிருந்த 1996இலேயே இங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறந்தது. இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் அதற்குக் காரணமானவர்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக மண் பிசைந்தார்கள், நிறம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள். சொல்ல முடியாததைக் கையால் செய்யவிட்டால் பிள்ளை மெல்ல மெல்லப் பேசும் என்பதை நான் அந்த வழியிலிருந்து படித்தேன். எங்கள் இல்லத்திலும் ஒரு தையல் மெசினும், வர்ணப் பெட்டியும், கத்தரியும் வெண்டியும் வைத்த ஒரு துண்டு நிலமும் இருக்கின்றன. மிகக் கடினமான பேச்சுகள் வெண்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் நடந்திருக்கின்றன.

அந்த அவகாசத்தில் நாங்கள் ஆட்களைத் தேடுவோம். பிள்ளையிடம், "உனக்கு நம்பிக்கையான ஒராளைச் சொல்லு" என்போம். பெரும்பாலும் ஒரு பெயர் வரும். சின்னம்மா, அம்மான், பழைய ரீச்சர், பக்கத்து வீட்டு மாமி என்று யாரோ ஒருவர். எங்கள் பக்கத்தில் அம்மானின் சொல்லுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. அவர் வந்து அமர்ந்தால் பாதி வேலை முடியும். வெளிநாட்டில் இருக்கும் தாயை வட்ஸ்அப்பில் எடுப்போம். அவளுடைய எசமானி படுத்த பிறகு, அங்கே இரவு பதினொரு மணிக்கு, இங்கே ஒன்றரை மணிக்கு. தாயும் மகளும் முதல் பத்து நிமிடம் அழுவார்கள். அதற்குப் பிறகு பேசத் தொடங்குவார்கள்.

வீட்டுக்குத் திரும்பலாம் என்று முடிவானால், எழுதி வைத்துக்கொண்டு பேசுவோம். வீட்டில் யார் எங்கே படுப்பது? அறைக்குக் கதவும் உள்தாழ்ப்பாளும் இருக்கிறதா? அடித்தவர் இப்போது எங்கே இருக்கிறார்? பாடசாலைக்கு என்றைக்குப் போவாள்? தொலைபேசி யாரிடம் இருக்கும்? நன்னடத்தை உத்தியோகத்தர் எந்த நாளில் வந்து பார்ப்பார்? எங்கள் செலவுக் கணக்கில் "கதவு, தாழ்ப்பாள், தச்சுக் கூலி" என்று ஒரு வரி இருக்கிறது. கணக்காய்வாளர் ஒரு முறை ஆச்சரியப்பட்டுக் கேட்டார். அந்தக் காசுபோல வேறெந்தக் காசும் பிள்ளைக்கு நித்திரையைக் கொடுத்ததில்லை. துன்பம் தந்தவர் அதே வீட்டில் இருந்தால் பிள்ளை அங்கே போகமாட்டாள். சொந்தத்தில் ஒருவர் பொறுப்பேற்கலாம். நீதிமன்றம் அவரைத் தகுதியான ஆளாக ஏற்று ஒப்படைக்கும். அதுவும் இல்லாதபோதுதான் நீண்டகால இல்லம்.

இவ்வளவும் நடந்து, பிள்ளை ஒரு பாதுகாப்பான கூரையின் கீழ் போய்ச் சேர்ந்த பிறகு, நாங்கள் அதிகமாகத் தோற்றுப்போவது ஓரிடத்தில். அது பாடசாலை வாசல்.

விடுகைப் பத்திரம் எங்கே என்பார்கள். நடத்தைச் சான்றிதழ் எங்கே என்பார்கள். எல்லாம் கொடுத்தாலும், "இவளைச் சேர்த்தால் மற்றப் பிள்ளைகளும் பழுதாப்போகும்" என்பார்கள். "பெற்றோர் சங்கத்தில் பேச்சு வரும்" என்பார்கள். ஒரு பாடசாலையில் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, கடைசி வாங்கில் தனியாக இருத்தினார்கள். எட்டு நாளில் அவள் நின்றுவிட்டாள். 5 முதல் 14 வயது வரை இருந்த கட்டாயக் கல்வி 2016இல் 16 வயது வரை நீடிக்கப்பட்டது. சட்டம் பிள்ளையின் பக்கம் இருக்கிறது. வாசலில் நிற்கும் மனிதர்கள் அதன் பக்கம் இல்லை. சாதாரண தரம் எழுதாத பிள்ளைக்குத் தொழிற்பயிற்சி நிலையத்தில் கூட நல்ல பாடநெறி கிடைப்பது கடினம். சில மாதங்களில் அவள் ஒரு கடையிலோ வீட்டு வேலையிலோ நிற்பாள், அல்லது கையில் குழந்தையோடு என் கிளினிக்குக்கு வருவாள்.

அக்காமாரே, இங்கே நமது பாடசாலையின் பழைய நாட்களை நினைத்துப் பார்க்கக் கேட்கிறேன். 1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்கியபோது எத்தனை பிள்ளைகள் புத்தகம் இல்லாமல், சீருடை இல்லாமல், ஊரிலிருந்து ஓடி வந்து இந்த வகுப்புகளில் அமர்ந்தார்கள்? 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாவலடியிலிருந்தும் கல்லடியிலிருந்தும் வந்த பிள்ளைகளிடம் பிறப்புச் சான்றிதழ் கூட இருக்கவில்லை, கடல் கொண்டுபோய்விட்டது. 2006இலும் 2007இலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தபோது, மாவட்டத்தின் பாடசாலைகள் எல்லாம் கதவைத் திறந்தன. விடுகைப் பத்திரம் எங்கே என்று அப்போது யாரும் கேட்கவில்லை. "இருங்க மகள், பேரைச் சொல்லுங்க" என்றார்கள். சொந்தப் பிள்ளையின் சீருடையைக் கொண்டுவந்து கொடுத்த ஆசிரியைகள் இந்த முன்வரிசையில் இருக்கிறார்கள்.

அப்போது வந்தவர்களை நாம் ஓடிவந்தவர்கள் என்று சொல்லவில்லை. இடம்பெயர்ந்தவர்கள் என்றோம். அந்தச் சொல்லில் வெட்கம் இல்லை. நாம் எல்லோருமே ஏதோ ஒரு வருடத்தில் இடம்பெயர்ந்தவர்கள்தான். இருந்த இடத்தில் இருக்க முடியாமல், உயிரையும் மானத்தையும் காப்பாற்ற இன்னோர் இடம் போனோம். இன்று இரவு பஸ் நிலையத்தில் நிற்கும் அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளை செய்ததும் அதைத்தான். அவளுடைய வீட்டில் விழுந்தது ஷெல் இல்லை என்பதுதான் வித்தியாசம். ஷெல்லுக்கு ஓடியவளுக்குத் திறந்த வாசலை இவளுக்கு ஏன் மூட வேண்டும்?

ஆகவே இந்த நூற்றாண்டில் சங்கத்திடம் நான் கேட்பது சில காரியங்கள்.

முதலாவது, அதிபர் அவர்களிடமும் அபிவிருத்திச் சங்கத்திடமும் ஒரு வேண்டுகோள். நீதிமன்றமோ நன்னடத்தைத் திணைக்களமோ ஒரு பிள்ளையை நமது பாடசாலைக்கு அனுப்பினால், கதை கேட்காமல் சேர்த்துக்கொள்வோம் என்று ஒரு முடிவு எடுங்கள். அதிபரும் வகுப்பாசிரியையும் தவிர வேறு யாருக்கும் அவளுடைய பின்னணி தெரிய வேண்டாம். ஒரு பெரிய பாடசாலை செய்தால் மற்றப் பாடசாலைகள் மறுக்கத் தயங்கும்.

இரண்டாவது, ஆசிரியைகளாக இருக்கும் பழைய மாணவிகளுக்கு. மாலையில் ஒரு மணித்தியாலம் கணிதமும் ஆங்கிலமும் சொல்லித்தர வாருங்கள். பாடசாலைக்குத் திரும்ப முடியாத பிள்ளைகளுக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுதுவதே மிச்சமிருக்கும் வழி.

மூன்றாவது, சட்டத்தரணிகளாக இருப்பவர்களுக்கு. நீதவான் நீதிமன்றத்தில் அந்தப் பிள்ளைக்காக எழுந்து நிற்க மாதத்தில் ஒரு நாள் தாருங்கள்.

நான்காவது, ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கு. கட்டடம் கட்டித் தர வேண்டாம், பெயர்ப்பலகையும் வேண்டாம். இரவில் விழித்திருக்கும் இரண்டு பெண்களின் சம்பளம், பஸ் காசு, பரீட்சைக் கட்டணம், ஒரு தச்சனின் கூலி ஆகியவைதான் மாதா மாதம் எங்களை நெருக்குபவை. சிறிய தொகையை ஒழுங்காக அனுப்பினால், வருடத்தில் ஒரு தரம் வரும் பெரிய தொகையைவிட அது உதவும்.

கடைசியாக, தாய்மாராகவும் பெரியம்மா, சின்னம்மா, மாமிமாராகவும் இருக்கும் எல்லோருக்கும். உங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளை நம்பிக்கையான ஆள் யாரென்று கேட்டால் உங்கள் பெயரைச் சொல்லுமா என்று இன்றைக்கு வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். எங்களிடம் வரும் பிள்ளைகளில் அநேகர் வெளியேறுவதற்கு முன்னர் யாரோ ஒருவரிடம் சொல்ல முயன்றிருக்கிறார்கள். "வயித்துக்குள்ள நோகுது" என்றோ, "மாமா இருக்கிற நேரம் வீட்ட போக விருப்பமில்ல" என்றோ அரைகுறையாகத்தான் சொல்வார்கள். அந்த அரை வசனத்தைக் கேட்டு, "ஏன் மகள்? சொல்லு" என்று ஒருவர் நின்றிருந்தால், அந்தப் பிள்ளைக்கு எங்கள் இல்லம் தேவைப்பட்டிருக்காது. எங்கள் கட்டில்கள் காலியாக இருப்பதைப் பார்க்கத்தான் எனக்கும் ஆசை.

நூறு வருடமாக இந்த வாசலுக்குள் வந்த பெண் பிள்ளைகளுக்கு நமது பாடசாலை ஒரு வாழ்க்கையைக் கொடுத்தது. வாசலுக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று நம்புகிறேன்.